செண்டுப்பூ போட்ட தடம்

ஹாஃபிஸா ஓடிக்கொண்டே பேசுவாள். ரவிக்கைக் கழுத்தை எவ்வளவு இறக்கலாம், எந்த வீட்டு மருமகள் யாரோடு பேசுவதில்லை, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று எல்லாம் மூச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கும். கூட ஓடுகிறவர்களுக்கு 'ம்' கொட்டுவதற்குள் நாக்கு தள்ளிவிடும். "ம் கொட்டலேன்னா கேக்கலேன்னு அர்த்தம். மறுபடி மொதல்ல இருந்து சொல்லுவேன்" என்று மிரட்டுவாள். அந்தப் பயத்திலேயே சித்தையன்கோட்டையில் நாலைந்து பெண்களுக்கு நல்ல நுரையீரல் வந்துவிட்டது.

நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படிப்பு, வேலை, கல்யாணம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், கடைசியில் நான் ஆஸ்திரியாவில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் குடியேறினேன். அவள் ஊரிலேயே இருந்தாள். கணவர் இஷாக்குக்குத் தேங்காய் வியாபாரம். இவளுக்கு வீட்டு முன்னறையில் தையல் மிஷின். ஊரில் பாதிப் பெண்களின் அளவு இவளுக்கு மனப்பாடம்.

ஓட்டம் அவள் தேடிப்போன விஷயம் இல்லை. மகள் பாஸிலா பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வானதும், விடியற்காலையில் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். வாய்க்கால் கரையில் பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று ஹாஃபிஸா துணைக்குப் போனாள், காலில் ரப்பர் செருப்போடு. ஒரு மாதத்தில் பாஸிலாவுக்கு அலுத்துவிட்டது. "போரடிக்குதும்மா" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்றைக்கும் ஹாஃபிஸா கிளம்பிப் போனாள். மறுநாளும் போனாள். ஏன் என்று கேட்டால், "கால் நிக்கல, நான் என்ன செய்ய" என்பாள்.

ஆரம்பத்தில் ஊருக்கு இது பிடிபடவே இல்லை. ஒரு பெண் ஓடுகிறாள் என்றால் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். வழியில் போகிற வண்டியெல்லாம் நின்றது. "ஏறும்மா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார்கள். "பஸ்ஸ விட்டுட்டியா தாயி?" என்றார்கள். ஒருவர் அவளுக்கும் முன்னால் வண்டியை விரட்டிக்கொண்டு போய் இஷாக்கிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் மண்டியைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். எதிரே ஹாஃபிஸா வியர்வையைத் துடைத்தபடி வந்தாள். "என்னங்க, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்றாள்.

என் பள்ளத்தாக்கில் ஓட்டத் தடங்களுக்கு எண் உண்டு, நிறம் உண்டு. ஆற்றங்கரையில் சமமாகப் போவது பச்சை. ஊசியிலைக் காட்டுக்குள் ஏறுவது சிவப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் சின்ன மஞ்சள் பலகை, இத்தனை தூரம், இத்தனை ஏற்றம் என்று. நான் சிவப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். பச்சையிலேயே போய்ப் பச்சையிலேயே திரும்பிவிடுவேன். ஒருமுறை ஓடிக்கொண்டே அவளுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். பனி மூடிய சிகரத்தையோ ஆற்றையோ அவள் கண்டுகொள்ளவில்லை.

"ஏண்டி கௌசல்யா, ஒத்த நாயக் காணோம்?"

"இங்க நாயெல்லாம் கயித்துல கட்டித்தான் கூட்டிட்டு வருவாங்க."

"அப்புறம் எப்பிடிடி வேகம் வரும்?"

அவளுக்கும் தடங்கள் இருந்தன. பலகை கிடையாது, பெயர் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை போய் வருவது 'டீக்கடைச் சுத்து'. வயல் நடுவே வாய்க்காலை ஒட்டிப் போவது 'வாத்துக்கரை'. மூன்றாவது 'மலையடி'. தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஒரு பிரிவில் வலப்பக்கம் திரும்பி, கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் வனத்துறையின் வண்டித்தடத்தில் சேரும். தடத்தின் ஒரு பக்கம் மாந்தோப்பு. இன்னொரு பக்கம் யானை வராமலிருக்க வெட்டிய அகழி, அதற்கு அப்பால் காடு. வெயில் ஏறும்முன் அங்கே போனால் மலை முழுவதும் நீலமாக, ஈரமாக, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கும். மயில்கள் வழிவிடலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நடக்கும். அந்த வண்டித்தடத்தில் மட்டும் ஹாஃபிஸா பேச மாட்டாள். கூட ஓடுகிற பெண்கள் எனக்குச் சொன்ன விஷயம் இது. தடம் தொடங்குகிற இடத்தில் வாயை மூடுவாள். முடிகிற இடத்தில், விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்வாள்.

போட்டி வைக்கலாம் என்பது அவளுடைய யோசனைதான். "உங்க ஊருல ஊர் ஊரா வந்து ஓடுறாங்கன்னு சொன்னீல்ல. எங்க மலையடிக்கும் நாலு பேரு வந்து பாக்கட்டுமே." நான் அங்கிருந்தபடி பாம்பு, வெயில், ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. "நீ அங்கன இருந்து பயந்துக்க. நான் இங்கன இருந்து ஓடிக்கிறேன். ரெண்டு பேருக்கும் வேல ஆகும்." விடுமுறைக்கு நான் ஊர் வரும் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள். வரும்போது அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தேன். செய்தித்தாள் மேல் காலை வைத்து வரைந்து படமெடுத்து அனுப்பியிருந்தாள். நீளம் குறைவு, அகலம் அதிகம். கடைக்காரர் மூன்று முறை உள்ளே போய்த் தேடி ஒரு நீல நிற ஜோடியை எடுத்து வந்தார். அதைப் போட்டுப் பார்த்த ஹாஃபிஸா வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் குதித்தாள். "ஏடி, தரையே மெத்த மாதிரி இருக்குடி. இத்தன வருசமா நான் கல்லு மேலயா ஓடிக்கிட்டு இருந்தேன்?" மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு மலையடிக்குப் போய் வந்து, துடைத்து, மிஷின் மேல் வைத்தாள்.

அனுமதி கொடுக்க வேண்டியவர் வனக்காப்பாளர் மணிமாறன். ஊரில் 'கார்டு'. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசியே ஆளை நடுங்க வைப்பவர். நானும் ஹாஃபிஸாவும் போய் நின்றோம்.

"ஓடறது உங்க இஷ்டமுங்க. வண்டித்தடத்துல நீங்க தெனமும் ஓடறீங்க, நான் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க, ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க. ஆனா அகழிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆளு காலு வச்சாலும் தடத்தப் பூட்டிருவனுங்க. போட்டிக்கு மட்டுமில்லீங்க. உங்க காலை ஓட்டத்துக்கும் சேத்துத்தானுங்க. உள்ள காட்டுமாடு நிக்குதுங்க. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா பதில் சொல்றவன் நானுங்க."

"ஒருத்தரும் போக மாட்டாங்க சார்" என்றாள் ஹாஃபிஸா.

"அப்பறமுங்க, மரத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்க. பெயின்ட் கூடாதுங்க. பிளாஸ்டிக் ரிப்பன் ஆகவே ஆகாதுங்க."

வெளியே வந்ததும் ஹாஃபிஸா இடுப்பில் கைவைத்து நின்றாள். "பெயின்டு வேணாம், ஆணி வேணாம், ரிப்பன் வேணாம். காத்துலயா எழுதி வைக்கிறது, வலது பக்கம் திரும்புன்னு?" வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தோப்பு தாண்டியதும் அந்தப் பிரிவு இருக்கிறது. வலப்பக்கம் வண்டித்தடம். இடப்பக்கம் கரட்டுப்பட்டிச் சுடுகாடு. அந்த இடப்பக்கப் பாதை சுடுகாட்டோடு நிற்காமல், ஒற்றையடிப் பாதையாக நேரே அகழிக்குப் போகும். அங்கே விறகு பொறுக்குகிறவர்கள் யாரோ ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் முத்துப்பேச்சியின் கொல்லை. ஹாஃபிஸாவோடு தினமும் ஓடுகிறவள், பூ விவசாயம். செண்டுப்பூ விலை விழுந்து கிடந்த வாரம் அது. பறிகூலிக்கே கட்டாது என்று கூடை கூடையாக வரப்பில் கொட்டிக்கொண்டிருந்தாள். கண் கூசுகிற ஆரஞ்சு. ஹாஃபிஸா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். விரலிடுக்கில் உதிர விட்டாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"அக்கா, வேணாம்" என்றாள் முத்துப்பேச்சி. "ரோட்டுல பூ கெடந்தா எழவுன்னுல்ல நெனப்பாக."

"ஊருக்குள்ளயாடி போடப் போறேன்? அந்தப் பிரிவுல ஒரு நூறடி, வண்டித்தடத்துல அங்கங்க. காஞ்சா மண்ணோட மண்ணு. கார்டு வாயத் தொறக்க முடியாது."

"அந்தப் பிரிவுலதான சுடுகாடு இருக்கு" என்றேன் நான்.

"கரட்டுப்பட்டி அம்புட்டூண்டு ஊரு. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு போனா பெருசு. நம்ம ஓடுற அன்னைக்குத்தான் போவேன்னு எவனாச்சும் அடம் பிடிப்பானா?"

சனிக்கிழமை பிற்பகலில் மூன்று பேரும் போய்த் தூவிவிட்டு வந்தோம். பிரிவில் வலப்பக்கம் திரும்புகிற செண்டுப்பூக் கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது. என் பள்ளத்தாக்கின் மஞ்சள் பலகையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. எனக்கு அன்றைக்கும் சந்தேகம் தீரவில்லை. "மழை வந்தா?" என்றேன். "கொடை பிடி" என்றாள்.

ஞாயிறு விடிந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். திண்டுக்கல்லிலிருந்து வங்கியில் வேலை பார்க்கும் ரொனால்டும் அவருடைய நண்பர்களும், வடமதுரையிலிருந்து ஒரு கூட்டம், பாலசமுத்திரத்திலிருந்து விக்னேஷ்குமார் என்ற பையன். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவன், கால் மட்டுமே முக்கால் ஆள் உயரம். எல்லார் நெஞ்சிலும் ஹாஃபிஸா லைனிங் துணியில் தைத்த எண். உள்ளூர்க்காரர்களில் முத்துப்பேச்சியும் நானும் வண்டித்தடத்தில் மோர் கொடுக்கப் போவதாக ஏற்பாடு. பவுல்ராஜ் அண்ணனும் ஓட வந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். காலை ஓட்டத்தில் தினமும் கடைசியாக வருகிறவர்.

ஹாஃபிஸா பெஞ்சு மேல் ஏறி நின்றாள். "செண்டுப்பூ கெடக்குற பக்கம் போங்க. பூ இல்லாத பக்கம் போகாதீங்க. அகழியத் தாண்டி ஒருத்தரும் காலு வைக்கக் கூடாது. வச்சா அந்தத் தடம் எங்களுக்கு இல்ல. அம்புட்டுத்தான்."

"ஏக்கா, பூ வழியாப் போனா நேரா சுடுகாட்டுக்குல்ல போயிரும்" என்றார் ஒரு வடமதுரைக்காரர். மைதானமே சிரித்தது.

"உங்க வேகத்துக்கு அங்கன போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிரும்ணே" என்றாள்.

விசில் ஊதியதும் கூட்டம் கிளம்பியது. முத்துப்பேச்சியின் ஸ்கூட்டியில் நாங்கள் மாந்தோப்பு வழியாகக் குறுக்கே போய் வண்டித்தடத்தில் மோர்ப்பானையை இறக்கினோம். முதலில் விக்னேஷ்குமார் வருவான். அவன் தம்ளரை வாங்கக்கூட நிற்க மாட்டான், ஓடிக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று நான் இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது தடவை மோர் என் கை மேலேயே கொட்டியது.

யாரும் வரவில்லை. செத்த நேரம் பார்த்தோம். தோப்பில் அணில் கத்தியது. அப்புறம் திருப்பத்தில் ஒரு தலை தெரிந்தது. வந்தவர் பவுல்ராஜ் அண்ணன்.

தம்ளரை வாங்கி நிதானமாக ஒரு மடக்கு குடித்தார். "எனக்கு முன்னாடி எத்தன பேரும்மா போயிட்டாக?"

"யாரும் போகலையேண்ணே."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். முன்னால் திரும்பிப் பார்த்தார். காலியாகக் கிடந்த தடத்தைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. பாதி மோரோடு தம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து, மெதுவாக ஓடுகிறவர்களைக் கூட்டி வரப் பின்தங்கிய ஹாஃபிஸாவும் உள்ளூர்ப் பெண்களும், அவர்கள் பின்னாலேயே வெளியூர்க்காரர்களில் மெதுவாக வருகிறவர்களும் வந்தார்கள். வண்டித்தடம் என்பதால் அவள் வாய் மூடியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் திறந்தாள். "விக்னேஷு எப்பப் போனான்?"

"போகலை. ரொனால்டும் போகலை. மொதல்ல ஓடுன ஒருத்தரும் வரலை. பவுல்ராஜ் அண்ணன்தான் ஃபர்ஸ்டு."

"பவுல்ராஜ் அண்ணனா?"

முத்துப்பேச்சியின் கையிலிருந்த கரண்டி பானைக்குள் விழுந்தது. "அக்கா. நேத்துப் பொழுது எறங்கையில கரட்டுப்பட்டியில ஒரு பெரியவரத் தூக்குனாக. பூ வேணும்னு ரெண்டு கூடை செண்டு வாங்கிட்டுப் போனாக."

"யாருகிட்ட வாங்குனாக?"

"எங்கிட்டத்தான்."

ஹாஃபிஸா அவளையே பார்த்தாள்.

"எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போறீகன்னு எழவு வீட்டுக்காரகட்ட நானாக்கா கேக்க முடியும்?"

"பிரிவுல நான் கீழயே பாக்கலடி" என்றாள் ஹாஃபிஸா. "பேசிக்கிட்டே வந்துட்டேன்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. வந்த வழியே திரும்பினாள். எதிரே வந்துகொண்டிருந்தவர்களை "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கையால் விலக்கிக்கொண்டு ஓடினாள். பானையை முத்துப்பேச்சியிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். பச்சைத் தடத்துக்காரி நான். அன்றைக்கு என் காலுக்கு அது நினைவே இல்லை.

பிரிவுக்கு வந்ததும் தெரிந்தது. வலப்பக்கம் எங்கள் பூ, ஒரு கோடாக, சிக்கனமாக. இடப்பக்கம் பாதை நிறைய அதே செண்டுப்பூ, பனியில் நனைந்து, அள்ளி அள்ளி வீசியிருந்தார்கள். வெளியூர்க்காரன் எவனாக இருந்தாலும் இடப்பக்கம்தான் திரும்புவான். நானே திரும்பியிருப்பேன்.

சுடுகாட்டுக் கொட்டகை தெரிந்தது. அங்கே நான் பார்த்த காட்சியை இப்போது நினைத்தாலும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வேட்டியோடு நின்றார்கள். எரித்த மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த குடும்பம். அவர்களோடு வரிசையாக, மஞ்சளும் பச்சையும் ரோஸுமாகப் பனியன் போட்டு, நெஞ்சில் எண்ணோடு, ரொனால்டும் மற்ற ஆறு பேரும் தலை குனிந்து கைகட்டி நின்றார்கள். பால் செம்பு கை மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் போய்ச் சாம்பல் மேல் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தார்கள்.

ஹாஃபிஸா எல்லையிலேயே நின்றுவிட்டாள். ரொனால்டு மெல்ல நகர்ந்து வந்தார். "அக்கா, ஓடி வந்த வேகத்துல உள்ள வந்துட்டோம். 'வாங்க தம்பி'ன்னு கூப்டுட்டாங்க. அப்புறம் எப்பிடிக்கா, பாதியில கெளம்புறது?"

"விக்னேஷு எங்க?"

வேட்டி கட்டியவர்களில் மூத்தவர் திரும்பினார். சோலைமலை, இறந்தவரின் மூத்த மகன். கண்கள் சிவந்திருந்தன. "நெட்டையா ஒரு பையந்தானம்மா? காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு நிக்காமப் போயிட்டான். கூப்ட்டுப் பாத்தோம்." கையை நீட்டினார். ஒற்றையடிப் பாதை, அகழி, காடு.

ஹாஃபிஸா சுடுகாட்டைச் சுற்றி வேலியோரமாக ஓடினாள். நாலு வருடமாகத் தினமும் ஓடுகிறவள்தான், ஆனால் இது வேறு. தலைத்துணியை உள்ளே மாட்டியிருந்த பொத்தான் தெறித்து, துணி தோளில் விழுந்து பறந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. நான் பின்னால் மூச்சிரைத்தபடி, விழுந்துவிடாதே என்று கத்த நினைத்தேன், வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கருவேலம் முள் கையைக் கிழித்தது. ஒரு மயில் அலறிக்கொண்டு மேலே எழுந்தது. அப்போது எனக்கும் தெரிந்தான். அகழியின் விளிம்பில் நின்று, குறுக்கே கிடந்த பனைமரத்தை ஒரு காலால் தட்டி, தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே விக்னேசு."

திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள், அடித்தொண்டையிலிருந்து. அவன் மரத்தின் மேல் ஒரு காலை வைத்தான்.

ஹாஃபிஸா ஓடிக்கொண்டே குனிந்தாள், ஒற்றைக் காலில் இரண்டு தத்துத் தத்தினாள், வலது கால் ஷூவைக் கழற்றி வீசினாள்.

அது நீலமாகச் சுழன்று போனது. அவன் காதை உரசிக்கொண்டு, அகழியையும் தாண்டி, அந்தப் பக்கம் சருகில் போய் விழுந்தது. விக்னேஷ்குமார் மரத்திலிருந்து காலை எடுத்தான். காதிலிருந்ததைக் கழற்றினான். வியர்வை வழிகிற முகத்தோடு எங்களைப் பார்த்து மலர்ந்தான்.

"அக்கா, நான் ஃபர்ஸ்டா?"

ஹாஃபிஸா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. விஷயம் புரிந்ததும் பையன் வெலவெலத்துப் போனான். "ஷூவ எடுத்துட்டு வந்துர்றேன்க்கா. ரெண்டே எட்டு."

"காலு வச்ச, இன்னொரு ஷூவும் வரும். இந்தத் தடவ குறி தப்பாது."

"யாரும் பாக்கலையேக்கா."

"அதுக்காகவா ஓடியாந்தேன்?" எழுந்து அகழியின் விளிம்புக்குப் போனாள். அந்தப் பக்கம் ஷூ மல்லாந்து கிடந்தது. ஒரு கம்பை நீட்டினால் எட்டும்போல இருந்தது, நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. பிறகு இடது கால் ஷூவையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒத்தக் கால் ஷூவோட ஓடுனா இடுப்பு போயிரும். வாங்க."

சுடுகாட்டில் பால் ஊற்றி முடிந்திருந்தது. தலை முழுகாமல் அங்கிருந்து போகக் கூடாது என்று ஏழு பேரையும் வாய்க்காலில் இறக்கியிருந்தார்கள். ஹாஃபிஸா சோலைமலையிடம் தயங்கித் தயங்கிப் போனாள். "மன்னிச்சிருங்கண்ணே. வழி தப்பி வந்துட்டாங்க."

"எங்கய்யாவோட பேரன் காலேஜுல இருந்து வந்த பிள்ளைகன்னு நெனச்சேம்மா. பொறவுதான் நெஞ்சுல நம்பரப் பாத்தேன்" என்றார் அவர். "அதுனால என்ன. எங்கய்யா எழவுக்கு எம்புட்டுப் பேரு. ஊத்துனது ஊத்துனதுதான்."

பள்ளிக்கூட மைதானத்தில் பவுல்ராஜ் அண்ணன் முதலாவதாக வந்து, அதை நம்ப முடியாமல் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். முன்னால் ஓடியவர்கள் எல்லாருக்கும் கடைசியாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தபோது ஊரே திருதிருவென்று விழித்தது. முதல் பரிசு தென்னங்கன்று, இஷாக் கொடுத்தது. "நீங்கதாண்ணே ஃபர்ஸ்டு" என்று விக்னேஷ்குமாரே எடுத்துக் கொடுத்தான். பவுல்ராஜ் அண்ணன் ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை. "முப்பது வருசம் இதே வழியில தபால் குடுத்துருக்கேன்டா அப்பு. இன்னைக்குத்தான் அதுக்குக் கன்னு குடுத்துருக்காக" என்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

கார்டு மணிமாறன் வேப்பமரத்தடியில் வண்டியைச் சாய்த்து நின்றிருந்தார். "எல்லாரும் வந்தாச்சுங்களா? உள்ள யாரும் போகலீங்களே?"

சுற்றி நின்ற எல்லாரும் ஹாஃபிஸாவைப் பார்த்தார்கள். நான் மனதுக்குள், சொல்லாதே, சொல்லாதே என்றேன். போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அது உண்மைதான்.

"ஆளு யாரும் போகல சார். என் ஷூ போச்சு."

அவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். "நடந்தா போச்சுங்க?"

"நான்தான் வீசுனேன். ஒருத்தன் அகழியத் தாண்டப் போனான். கூப்ட்டேன், காதுல விழல."

மணிமாறன் ஹெல்மெட்டை மாட்டினார். "பாக்கறனுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஹாஃபிஸா மலையடிக்குப் போகவில்லை. அவர் பதில் சொல்லும்வரை அந்தத் தடத்தில் கால் வைப்பதில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள். பழைய ரப்பர் செருப்போடு டீக்கடைச் சுத்திலேயே சுற்றினாள். நானும் கூட ஓடினேன். அவள் பேசவில்லை. பஸ் நிறுத்தம் வரை பேசாமல் போய், பேசாமல் திரும்பினாள். முத்துப்பேச்சி பயந்துபோய் என் முழங்கையைக் கிள்ளினாள். "நீங்களாச்சும் எதையாச்சும் கேளுங்கக்கா. ம் கொட்டக்கூட ஒண்ணுமில்லாம எப்பிடி ஓடுறது?"

புதன்கிழமை மதியம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹாஃபிஸா எனக்கு ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். டேப்பு என் கழுத்தில் இருந்தபடியே நின்றுவிட்டாள். மணிமாறன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மிஷின் மேல் வைத்தார்.

"முள்ளம்பன்னி கயித்த மட்டும் கடிச்சிருக்குதுங்க. மத்தபடி சேதாரமில்லீங்க."

ஹாஃபிஸா பிரித்தாள். நீல ஷூ. மண்ணைத் துடைத்திருந்தார்கள்.

"அந்தப் பக்கம் பூரா நடந்து பாத்தனுங்க. மண்ணு ஈரமா இருந்துச்சுங்க. பன்னிக் காலடி இருக்குது, மாட்டுக் காலடி இருக்குது. மனுசக் காலடி ஒண்ணுமில்லீங்க. அந்தப் பனைமரத்தையும் எடுத்துப் போட்டாச்சுங்க."

ஹாஃபிஸா டீ போட உள்ளே போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. அவர் டீயைக் குடித்து முடிக்கும் வரை தடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் திரும்பினார்.

"அடுத்த வருசம் பூ மட்டும் வேண்டாமுங்க."

"அப்ப எதைப் போடுறது?" என்றாள் ஹாஃபிஸா உடனே.

"அத யோசிக்கறதுக்குத்தான் ஒரு வருசம் இருக்குதுங்களே."

மறுநாள் விடியற்காலையில், லைனிங் துணியைக் கிழித்துக் கயிறாகக் கோத்த ஷூவோடு, அவள் என்னை எழுப்ப வந்தாள். தோப்புகளைத் தாண்டினோம். பிரிவில் இரண்டு பக்கத்துப் பூவும் காய்ந்து மண்ணில் ஒட்டிக் கிடந்தது. வலப்பக்கம் திரும்பினோம். வண்டித்தடம் தொடங்கிய இடத்தில் அவள் வாயை மூடினாள். மலை நீலமாக நின்றது. மாந்தோப்புப் பக்கமிருந்து காற்று வந்தது. எங்கள் நாலு கால்களின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. என் பள்ளத்தாக்கில் நான் ஒருநாளும் ஓடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன், பயப்பட மறந்து.

தடம் முடிந்தது.

"ஏண்டி கௌசல்யா, கோலமாவுல அம்புக்குறி போட்டா என்ன? எறும்பு தின்னுருமோ? தின்னாத் திங்கட்டும், காலையில வெள்ளனமே வந்து மறுபடி போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, கரட்டுப்பட்டியில அன்னைக்கு எவன் வீட்டுலயாச்சும் கல்யாணம் இருந்து, அவுகளும் ரோடு பூரா கோலம் போட்டு வச்சாகன்னு வையி…"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ம் கொட்டினேன்.